பேய்க்கு வைத்த கஞ்சி

சைகோனில் இருக்கும் நம்மவர்களிடம் இந்த ஊருக்கு எப்படி வந்தீர்கள் என்று கேட்டுவிட்டால் போதும். எந்தக் கப்பல், கப்பலில் என்ன சோறு, துறைமுகத்தில் யார் வந்து கூட்டிப்போனார்கள் என்று மூச்சு விடாமல் சொல்வார்கள். என்னிடம் மட்டும் யாரும் கேட்கக் கூடாது என்று என் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று அவருக்குப் பயம். மற்றவர்கள் கப்பலில் வந்து இறங்கினார்கள். நான் கைக்குழந்தையோடு இடுப்பளவு சேற்றில் வந்து இறங்கினேன். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? யார் யார் என்னையும் என் பிள்ளையையும் கரை சேர்த்தார்கள் என்று சொல்லாமல் வாயைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான் எனக்கு வெட்கம்.

நான் நாகூர்க்காரி. எங்கள் ஊருக்கும் காரைக்காலுக்கும் கூப்பிடு தூரம். ஆனால் காரைக்கால் பிரெஞ்சுக்காரன் ஊர், நாகூர் இங்கிலீஷ்காரன் ஊர். சைகோனும் பிரெஞ்சுக்காரன் கையில் இருந்ததால், காரைக்கால்காரர் வந்து இறங்கினால் வீட்டு ஆள். நாகூர்க்காரர் இறங்கினால் அந்நியன். கைரேகை, வரி, ஜாமீன் என்று உயிரை எடுப்பார்கள். என் மச்சான் (எங்களில் புருஷனை அப்படித்தான் கூப்பிடுவோம்) இறங்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காரைக்கால்காரன் என்று ஒரு பொய் சொல்லி உள்ளே வந்துவிட்டார். மார்க்கெட் பக்கம் ஜவுளிக் கடையில் துணி கிழித்துக் கொடுக்கும் வேலை. அந்தப் பொய் அவருக்குச் சோறு போட்டது, எனக்குக் கதவைச் சாத்தியது. நாகூர்ப் பெண்டாட்டியைச் சட்டப்படி வரவழைத்தால் அவர் குட்டு வெளிப்பட்டு இரண்டு பேரையுமே கப்பலேற்றிவிடுவார்கள்.

ஒரு தடவை ஊருக்கு வந்து போனார். போன பிறகு பெண் பிறந்தாள். அடுத்த மழைக்குள் உம்மாவும் மௌத்தாகிவிட, எனக்கு ஊரில் ஆளில்லை. கள்ளத்தோணி மட்டும் ஏறாதே, பொறுத்துக்கொள் என்று மச்சான் எழுதினார். பொறுமைக்கும் எனக்கும் என்றைக்கும் ஆகாது. சிங்கப்பூரில் மளிகைக் கடையில் இருந்த என் அண்ணன் அப்போது ஊருக்கு வந்திருந்தார். அண்ணனை நாங்கள் நானா என்போம். "என்னைக் கூட்டிட்டுப் போறீங்களா, நானே போவட்டுமா?" என்று கேட்டேன். என் குணம் அவருக்குத் தெரியும். தலையில் கையை வைத்துக்கொண்டார், ஆனால் கூட்டிப்போனார்.

சிங்கப்பூர் வரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அங்கே ஒரு தரகன் என் கைக் காப்பை வாங்கிக்கொண்டு, சைகோனுக்குப் போகும் தொங்காங் ஒன்றில் இடம் பிடித்துக் கொடுத்தான். தொங்காங் என்பது சீனர்களின் பாய்மரப் படகு. பாக்கு மூட்டைகளுக்கு அடியில், ஆள் நிமிர முடியாத பொந்தில், நாங்கள் மூன்று பெரியவர்களும் குழந்தையும். மூன்றாவது ஆள் நாகப்பட்டினத்துத் தையல்காரர். சைகோனில் தைத்துப் பிழைக்க வருகிறவர். நானா அவரை டெய்லர் என்று கூப்பிட்டார், நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன். அவர் என்னைத் தங்கச்சி என்றார்.

குழந்தைக்கு அப்போதுதான் குப்புற விழத் தெரியும். அந்த வெக்கையில், பாக்கு நாற்றத்தில், அழாமல் என்ன செய்யும்? படகுக்காரன் ஒருவன் விரல் நுனியில் அபினைத் தொட்டுக்கொண்டு அதன் வாயில் வைக்க வந்தான். வைத்தால் அழாது, தூங்கும் என்று ஜாடை காட்டினான். அப்படித் தூங்க வைத்த பிள்ளைகள் சில எழுந்திருக்கவே இல்லை என்று சிங்கப்பூரிலேயே கேள்விப்பட்டிருந்தேன். அந்த விரலை நான் கடித்தேன். அவன் போட்ட சத்தத்தில் குழந்தையே அழுகையை நிறுத்திவிட்டது. அதற்கப்புறம் எங்களுக்குச் சோறு குறைந்தது. போகட்டும்.

கரையை நெருங்கும் நேரம், விடியற்காலையில், மேலே ஒரே ஓட்டமும் கூச்சலும். பிரெஞ்சுக்காரர்களின் சுங்கப் படகைக் கண்டுவிட்டார்கள். எங்களை இழுத்து ஒரு சின்னச் சம்பான் ஓடத்தில் தள்ளி, அரை டின் தண்ணீரும் ஒற்றைத் துடுப்பும் கொடுத்து, கயிற்றை அறுத்துவிட்டார்கள். கடிபட்டவன் அதோ கரை என்று கை காட்டினான். அந்தத் திசையில் மேகம்தான் இருந்தது. கடலோரத்தில் பிறந்தவர்கள் என்று எங்களுக்குப் பேர்தான். நானாவுக்குத் தராசு பிடிக்கத் தெரியும், டெய்லருக்கு ஊசி பிடிக்கத் தெரியும், துடுப்புப் பிடிக்க இரண்டு பேருக்குமே தெரியாது. பொழுது நன்றாக விடிவதற்குள் நீரோட்டம் எங்களை வெளிக்கடலுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

டெய்லர் சட்டைக் காலரில் ஊசியும் நூலும் குத்தி வைத்திருந்தார். என் மாற்றுச் சேலையைக் கேட்டு வாங்கி, துடுப்பில் கட்டித் தைத்து, குழந்தைக்கு ஒரு நிழல் போட்டார். "சைகோன்ல நான் தச்ச மொதப் பந்தல் இதுதான் தங்கச்சி" என்றார். நாங்கள் சிரித்தோம். அன்றைக்குச் சிரிக்க முடிந்தது.

நானா கொட்டாங்கச்சியில் தண்ணீர் அளந்தார். முதலில் எனக்கு. "நீ குடி புள்ளெ. நீ குடிச்சா ரெண்டு உசுரு குடிச்ச மாதிரி." அடுத்து டெய்லரிடம் நீட்டினார்.

"எனக்கு வேணாங்கனி. நான் நோன்பு" என்றார் அவர். 'ங்கனி' என்பது எங்கள் பக்கத்து ஆண்கள் ஒருவருக்கொருவர் சொல்லும் 'ஐயா'.

"என்னாங்கனி இது? நடுக்கடல்ல நோன்பா? பிரயாணத்துல ரமலான் நோன்புக்கே சலுகை ஈக்கிது!"

"இது நேர்ச்சை நோன்பு. கரை கண்டா புடிக்கிறதா நேந்தேன். கரை கண்டுருவோம்னு ஒரு தைரியத்துல முன்னாடியே புடிச்சுட்டேன்."

சுடச்சுட அடிக்கும் வெயிலில் இப்படி ஒரு பக்திமானா என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது. அது பொய் நோன்பு என்பது அப்போது எனக்குத் தெரியாது. நேர்ச்சையுமில்லை, ஒன்றுமில்லை. தன் பங்குத் தண்ணீர் எனக்கு வரட்டும், என் வழியாகக் குழந்தைக்குப் போகட்டும் என்று அந்த மனுஷர் கட்டிய கதை அது. சும்மா கொடுத்தால் நான் வாங்கமாட்டேன் என்று எடை போட்டு வைத்திருந்தார். சாயங்காலம் நோன்பு திறக்கிறேன் என்று ஒரு வாய் நனைத்துக்கொள்வார். மறுநாள் விடிந்தால் மறுபடியும் நோன்பு.

தூரத்தில் கரைப் பக்கம் மழை கறுத்துக்கொண்டு பெய்வது கண்ணுக்குத் தெரியும். எங்கள் தலையில் ஒரு சொட்டு விழாது. அந்த மழையை நான் திட்டிய திட்டு இருக்கிறதே, அதை எழுத முடியாது.

டெய்லர் தொழுகைக்குக் கடல் தண்ணீரில் வுளூ செய்தார். கடல் தண்ணீர் சுத்தமானது, கை கால் கழுவலாம், வாய் கொப்பளிக்கலாம், தப்பில்லை. ஆனால் அவர் தொழுகை நேரம் இல்லாத நேரத்திலும் வுளூ செய்ய ஆரம்பித்தார். "இம்புட்டு வுளூ செஞ்சா தோலு உரிஞ்சு போவும்" என்று நான் கேலி பண்ணினேன். கொப்பளிக்கிற சாக்கில் ஒவ்வொரு வாய் விழுங்கிக்கொண்டிருந்தார் என்பதை நானா பார்த்துவிட்டு அவர் கையைத் தட்டிவிட்டார். அதற்குள் காரியம் கெட்டுவிட்டது. உப்புத் தண்ணீர் தாகத்தைத் தீர்க்காது, மூளையைத்தான் கலக்கும். அன்றைக்கு உச்சி வெயிலில் எழுந்து நின்று, "அந்தா ஈக்கிது பாருங்க கடைத்தெரு" என்று சொல்லி, வாசற்படி இறங்குகிற மாதிரி சாவகாசமாகக் கடலில் காலை வைத்தார்.

நானா துடுப்பை நீட்டிக்கொண்டு கத்தினார். பந்தல் சரிந்து என் மேல் விழுந்தது. நான் சேலையை விலக்கிப் பார்த்தபோது தண்ணீர் சாதாரணமாக இருந்தது.

நானா டின்னைச் சாய்த்து, டெய்லர் பங்கு என்று மனசுக்குள் ஒதுக்கி வைத்திருந்ததை ஊற்றி என்னிடம் கொடுத்தார். நான் குடித்தேன். ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். மடியில் கொஞ்சம் பால் ஊறியது, பிள்ளை குடித்தாள். அந்தப் பால் யாருடையது என்று எனக்குத் தெரியும். இன்றைக்கும் தொழுது முடித்துக் கையேந்தினால் என் வாப்பா உம்மாவுக்கு முன்னால் அவருக்குத்தான் கேட்கிறேன்.

மறுநாள் டின் காலி. மார்பும் வற்றிவிட்டது. பிள்ளை அழுவதை நிறுத்திவிட்டாள். அழும்போது எரிச்சலாக இருந்தது போய், இப்போது அழமாட்டாளா என்று ஆகிவிட்டது. உச்சந்தலைக் குழி உள்ளே போயிருந்தது. உதட்டைத் தொட்டால் காகிதம் மாதிரி சரசரத்தது. கிள்ளிப் பார்த்தேன். முனகினாள். அந்த முனகலைக் கேட்பதற்காகத் திரும்பத் திரும்பக் கிள்ளினேன். வேறு எதற்கும் எனக்குப் புத்தி ஓடவில்லை. யா அல்லா, இவளை மட்டும் விட்டுவிடு, என்னை எடுத்துக்கொள் என்று கெஞ்சினேன்.

அன்று பிற்பகல் கடலேற்றம் வந்தபோது கடல் தன் மனசை மாற்றிக்கொண்டது. எங்களை ஆற்று முகத்துக்குள் இழுத்துக்கொண்டு போய் அலையாத்திக் காட்டுச் சேற்றில் சொருகியது. நானா பிள்ளையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். ஒவ்வொரு அடிக்கும் சேறு இடுப்பைப் பிடித்தது. வேரில் ஒட்டிய சிப்பிகள் என் காலைக் கிழித்தன. மரங்களுக்கு நடுவே புகை தெரிந்தது. புகை இருந்தால் ஆள் உண்டு.

மரக்கால் ஊன்றி உயரமாகக் கட்டிய ஒரு ஓலை வீடு. அதன் முன்னால் தரையில் ஒரு பெரிய முறம். முறத்தில் இலையைச் சுருட்டிச் செய்த சின்னச் சின்னத் தொன்னைகளில் தண்ணீர்க் கஞ்சி. பக்கத்தில் பொரி, அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, ஒரு பிடி அரிசி, ஒரு பிடி உப்பு. ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. ஆள் யாரும் இல்லை. எங்கள் ஊரில் கந்தூரி என்றால் தர்கா எஜமான் பேரில் பாத்திஹா ஓதி, ஊதுபத்தி கொளுத்தி, சோற்றை எல்லோருக்கும் பொதுவில் வைப்பார்கள். வழிப்போக்கன் எடுத்துத் தின்றால் வைத்தவனுக்குத்தான் நன்மை. நானா அந்த முறத்தைப் பார்த்தார், ஊதுபத்தியைப் பார்த்தார், கண் கலங்கிவிட்டார்.

"புள்ளெ, நம்மாளுவ ஈக்கிறாஹ! கந்தூரி போட்டுருக்காஹ! சைகோனு வந்துட்டோம்!"

பிஸ்மி சொல்லி உட்கார்ந்தோம். தொன்னை தொன்னையாகக் குடித்தோம். அந்தக் கஞ்சிக்கு ஈடாக நான் இதுவரை எதையும் தின்றதில்லை. கஞ்சித் தண்ணீரை விரலில் தொட்டுப் பிள்ளை வாயில் வைத்தேன். கடைவாய் வழியாக வெளியே வழிந்துவிட்டது. விழுங்க அவளுக்குத் தெம்பில்லை. திரும்ப வைத்தேன், திரும்ப வழிந்தது. நான் வாய்விட்டுக் கத்திவிட்டேன்.

சத்தம் கேட்டு வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் வந்தாள். என் வயசுதான் இருக்கும். எங்களைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டாள். நான் ஊர் வழக்கப்படி வெள்ளைத் துப்பட்டி போட்டிருந்தேன், அதில் பாதிக்குமேல் சேறு. தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. அவள் கூச்சல் போடவில்லை. மெல்ல இறங்கி வந்து, முறத்திலிருந்த அரிசியையும் உப்பையும் அள்ளி எங்கள் மேல் வீசினாள். பசித்து வந்தவள் மூஞ்சியில் உப்பை வீசுகிறாளே, இவள் எல்லாம் ஒரு பெண்ணா என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எழுந்திருக்கத் தெம்பில்லாததால் அவள் பிழைத்தாள்.

அப்போது பிள்ளை முனகினாள். பூனைக்குட்டி மாதிரி ஒரு சின்னச் சத்தம். அந்தப் பெண்ணின் முகம் மாறியது. சேற்றிலேயே என் எதிரில் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் நீட்டினாள். நான் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று தெரியாது, கொடுத்துவிட்டேன். அவள் சட்டையைத் திறந்து பிள்ளையை மார்பில் வைத்தாள். பிள்ளை பிடிக்கவில்லை. அவள் பீய்ச்சிய பால் சொட்டுச் சொட்டாக உதட்டில் விழுந்தது. நாக்கு அசைந்தது. அப்புறம் ஒரு இழுப்பு. அப்புறம் இன்னொன்று. அந்த மடக் மடக் என்ற சத்தம் என் காதில் விழுந்ததும் நான் நானாவின் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதேன். அவரும் அழுதார்.

வீட்டுக்குள் ஒரு தூளி காலியாகத் தொங்கியது. அந்தப் பெண் கைக்குழந்தையை இழந்து சில நாள்தான் ஆகியிருந்தது என்பதை அவள் புருஷன் வந்த பிறகு ஜாடையில் புரிந்துகொண்டோம். அவர் நண்டு பிடிக்கிறவர். எங்களைப் பார்த்து முதலில் அவரும் வெலவெலத்துப் போய், வாசலிலேயே நின்று பெண்டாட்டியிடம் ஏதோ கேட்டார். அவள் சொன்ன பதிலைக் கேட்டு உள்ளே வந்தார். அவள் வெந்நீர் கொண்டுவந்து என் பாதத்தைக் கழுவினாள். சேற்றைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தாள். சிப்பி கிழித்த இடத்தில் கை பட்டதும் நான் அலறினேன், ரத்தம் வந்தது. ரத்தத்தைப் பார்த்து அவள் சிரித்தாள். என்ன பிறவியோ என்று நினைத்தேன்.

சில நாள் அங்கே கிடந்தோம். பிறகு எங்களை நண்டுப் படகில் ஓலைக்கு அடியில் படுக்கவைத்துச் சைகோனுக்குக் கொண்டுவந்தார்கள். எனக்கு இன்னும் பால் ஊறாததால் அவளும் கூட வந்தாள். ஆற்றில் ஒரு காவல்காரன் படகை நிறுத்தி எட்டிப் பார்த்தான். அவள் அசையாமல் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பால் கொடுக்கிறவளைப் பார்த்து அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகச் சொல்லிவிட்டான். மாட்டியிருந்தால் அவர்கள் இரண்டு பேரும் எங்களோடு ஜெயிலுக்குப் போயிருப்பார்கள். அது தெரிந்துதான் வந்தார்கள்.

கடை வாசலில் மச்சான் என்னைப் பார்த்தார். "வராதேன்னு எழுதுனேனே" என்றார். அப்புறம் அப்படியே படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். பிள்ளையைக் கையில் வாங்கினால் அது அவரைப் பார்த்து வீரிட்டு, நண்டுக்காரியிடம் தாவியது. பெற்ற தகப்பனுக்குக் கிடைத்த முதல் மரியாதை.

பள்ளிவாசலில் அந்த வெள்ளிக்கிழமை டெய்லருக்காகக் காயிப் ஜனாஸா தொழ வைத்தார்கள். உடல் கிடைக்காதவர்களுக்கு வைக்கும் தொழுகை அது. அன்றைக்குத்தான் நோன்பு விஷயத்தை நானா என்னிடம் சொன்னார். "எனக்கு மொத நாளே தெரியும். சொன்னா நீ குடிச்சிருப்பியா?" என்றார். நான் அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

பள்ளிவாசல் லெப்பை நல்ல மனுஷர். பிள்ளைக்கு அந்தப் பெண் எத்தனை தடவை பால் கொடுத்தாள் என்று கேட்டார். எங்கள் மார்க்கத்தில் அஞ்சு தடவை வயிறாரக் குடித்துவிட்டால் கொடுத்தவள் தாய் ஆகிவிடுவாள், அவள் பெறும் பிள்ளைகள் கூடப்பிறந்தவர்கள் ஆகிவிடுவார்கள். "அஞ்சா? அம்பது தடவைக்கு மேல ஈக்கும்" என்றேன். "அப்ப உம் மவளுக்கு ரெண்டு உம்மா" என்றார் லெப்பை. எனக்கு அது பெரிய சந்தோஷமாக இருந்தது. யாரும் பறிக்க முடியாத உறவு அல்லவா?

அவளும் அதை விடவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் நண்டு விற்க மார்க்கெட்டுக்கு வரும்போதெல்லாம் எங்கள் மாடி அறைக்கு வருவாள். கடைகளில் வேலை செய்யும் நம் ஆண்களுக்கு நான் மத்தியானச் சோறு ஆக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். போலீஸ் தொப்பி தெரிந்தால் கரண்டியைப் போட்டுவிட்டு அடுப்புக்குப் பின்னால் ஒளிவேன். பல வருஷம் அப்படித்தான் போனது. அவள் ஒவ்வொரு தடவையும் ஒரு கொத்து நண்டு கொண்டுவருவாள். மார்க்கப்படி எங்களுக்கு நண்டு ஆகாது. அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாங்கி வைத்துக்கொண்டு, அவள் தெரு முனை திரும்பியதும் கீழ்வீட்டுச் சீனத்தியிடம் கொடுத்துவிடுவேன். சீனத்தி என்னைப் பெரிய தர்மவதி என்று நினைத்திருந்தாள். என் மகள் அந்த நண்டுக்காரியை ‘மா’ என்று கூப்பிடுவாள். இங்கே அம்மாவுக்கு அதுதான் சொல்.

இந்த ஊர்ப் பாஷை எனக்கு அடுப்படியிலும் சந்தையிலும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. மகளுக்கு ஆறு ஏழு வயசு இருக்கும்போது ஒரு நாள் தெருவில் ஒரே கூச்சல். எட்டிப் பார்த்தால் வீட்டுக்கு வீடு வாசலில் முறம். முறத்தில் கஞ்சி, பொரி, கிழங்கு, அரிசி, உப்பு, ஊதுபத்தி. பிள்ளைகள் எல்லாம் பாய்ந்து பிடுங்கித் தின்கின்றன, என் மகளும் அதில் ஒருத்தி. எனக்கு அந்தக் கஞ்சியைப் பார்த்ததும் நெஞ்சு நிறைந்துவிட்டது. இது என்ன விசேஷம் என்று சீனத்தியைக் கேட்டேன்.

"ஏழாம் மாசம் இல்லையா? கடல்ல, ஆத்துல, வழியில செத்துப்போயி, படைக்க ஆள் இல்லாம அலையிற பேய்ங்களுக்கு வைக்கிறது. கடைசியில அரிசியும் உப்பும் வீசினா, பேயெல்லாம் எடுத்துக்கிட்டுப் போயிரும்."

நானா அப்போது சைகோனிலேயே மசாலாக் கடை வைத்திருந்தார். ஓடிப்போய்ச் சொன்னேன். "கந்தூரின்னு சொன்னது யாரு?" என்று கேட்டேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். பிறகு இரண்டு பேருக்குமே பயம் வந்து லெப்பையிடம் போய் நின்றோம். பேய்க்குப் படைத்ததைத் தின்றது பாவமா? லெப்பை தாடியைத் தடவிக்கொண்டே, "உசுரு போற நேரத்துல தின்னதுக்குக் கணக்குக் கேக்க மாட்டான் அல்லா. ஆனா நீங்க பிஸ்மி சொல்லி உக்காந்ததைப் பாத்து அந்தப் பேய்ங்கதான் பயந்துருக்கும்" என்றார்.

அடுத்த தடவை நண்டுக்காரி வந்தபோது கேட்டுவிட்டேன். அவள் தரையில் உட்கார்ந்து, விற்காமல் மிஞ்சிய நண்டுகளை வைக்கோல் கயிற்றில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு என்னை என்னன்னு நெனச்சே?"

"பேய்னுதான் அக்கா. வேற என்ன? வெள்ளத் துணி, விரிச்ச தலை, கஞ்சியை அப்படிக் குடிச்சே. உப்பு வீசினேன், நீ போகல. அப்புறம் உன் காலைத் தொட்டுப் பாத்தேன், ரத்தம் வந்துச்சு. அப்பத்தான் தெரிஞ்சுது மனுஷின்னு."

காலைக் கழுவியது பால் கொடுத்த பிறகு. அது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. "அப்ப பேய்னு நெனச்சுக்கிட்டேவா பால் குடுத்தே? பயமா இல்லையா உனக்கு?"

அவள் கயிற்றைப் பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டாள்.

"பயமாத்தான் இருந்துச்சு. ஆனா என் புள்ளையும் அந்தப் பக்கம்தானே போயிருந்துச்சு? பால் குடிக்கிற புள்ளை. அங்க யாரு குடுப்பா? நீ அந்தப் பக்கத்துத் தாயின்னு நெனச்சேன். இங்க உம் புள்ளைக்கு நான் குடுத்தா, நீ திரும்பிப் போயி, அங்க என் புள்ளைக்குக் குடுப்பேன்னு நெனச்சேன்."

இத்தனை வருஷம் நான் நன்றி நன்றி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் என்னிடம் ஒரே ஒன்றை நம்பித்தான் பால் கொடுத்திருக்கிறாள். நான் உயிரோடு இருந்ததால் அதைச் செய்ய முடியாமல் போயிருக்கிறது. உயிரோடு இருந்ததற்காக ஒருத்தியிடம் மன்னிப்புக் கேட்கத் தோன்றியது எனக்கு அன்றைக்குத்தான்.

"அக்கா, நீ ஏன் அழுவுறே? உன் ரத்தத்தைப் பாத்ததும் எனக்கே சிரிப்பு வந்துருச்சு. சரி, இவகிட்ட ஒண்ணும் ஆகாது, இது உசுரோட இருக்குற புள்ளை, இதையாவது காப்பாத்துவோம்னு விட்டுட்டேன்."

எனக்குத் தெரிந்த அரைகுறைப் பாஷையில், வார்த்தை கிடைக்காத இடத்தில் கையைக் காட்டி, அவளிடம் சொன்னேன். எங்கள் மார்க்கத்தில் சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்தது. பால்குடி மாறாமல் போகிற பிள்ளை அங்கே பசித்து அலையாது. அதற்குப் பால் கொடுக்கச் சொர்க்கத்தில் ஒருத்தி இருக்கிறாள். மிச்சமிருக்கும் பாலை அவள் கொடுத்து முடிப்பாள்.

அவள் கையிலிருந்த நண்டை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நிஜமாவா?"

"நிஜம்."

"எந்த ஊருப் புள்ளைன்னாலும் குடுப்பாளா?"

"குடுப்பா. நீ கேட்டியா என்ன, எந்த ஊருன்னு?"

அவள் யோசித்தாள். பிறகு என் முகத்தை, கையை, பாதத்தைப் பார்த்தாள். "கறுப்பா இருப்பாளா அக்கா? உன்னை மாதிரி?"

இந்த ஊரில் என் நிறத்தைச் சொன்னவர்களிடம் நான் சண்டை போடாத நாள் இல்லை. "ஆமா" என்றேன். "என்னை மாதிரியேதான் இருப்பா."